புளோக்குக்குக் கீழே இருக்கும் விலங்குகளை வீட்டிலேயே வரையலாம்

பிள்ளைகளிடம் விலங்கு வரையச் சொன்னால் சிங்கம், யானை என்றுதான் தொடங்குவார்கள். அதுவும் ஏதோ வண்ணப் புத்தகத்தில் இருந்த அதே சிங்கம். என் பேரப்பிள்ளைகளுக்கு நான் போட்டிருக்கும் விதி ஒன்றே ஒன்று: இந்த வாரம் கண்ணால் பார்த்ததைத்தான் வரைய வேண்டும். சிங்கப்பூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பூனை, காப்பிக் கடை மேசையில் மைனா, கால்வாய்க் கரையில் உடும்பு, பீஷான் பூங்காப் பக்கம் போனால் நீர்நாய்க் கூட்டம்கூடக் கண்ணில் படும்.

பூனையில் ஆரம்பியுங்கள். பெரும்பாலும் தூங்கும், நிதானமாகப் பார்க்கலாம். கைப்பேசியில் படம் எடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கேள்வி கேளுங்கள்: வால் எந்தப் பக்கம் சுருண்டிருந்தது? இடது காதின் நுனி வெட்டியிருந்ததா? (கருத்தடை செய்த சமூகப் பூனைகளுக்கு அதுதான் அடையாளம்.) "தெரியலையே பாட்டி" என்றால் இன்னொரு முறை மின்தூக்கியில் இறங்கிப் பார்த்துவிட்டு வரட்டும். அப்படிப் பார்த்து வரைந்த பூனை ஒவ்வொன்றும் வேறு வேறு பூனையாக இருக்கும்.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது உடும்புதான். இதற்குத் தடித்த தாள் வேண்டும், சதுர மீட்டருக்கு 200 கிராம் (உறையில் gsm என்று போட்டிருக்கும்) இருந்தால் நல்லது. நகலெடுக்கும் தாளில் தண்ணீர் பட்டதும் சுருங்கிவிடும். முதலில் தலையிலிருந்து வால்நுனிவரை நெளிவாக ஒரே கோடு, அதுதான் முதுகு. உடம்பைவிட வால் நீளமாக இருக்க வேண்டும். பிள்ளைகள் எப்போதும் குட்டையாகத்தான் போடுவார்கள். கால்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கட்டும், நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கட்டும். அப்புறம் மஞ்சள் கிரயானை நன்றாக அழுத்தி, முதுகு முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளி. அழுத்தம் குறைந்தால் வேலைக்கு ஆகாது, மெழுகு தாளில் கெட்டியாக ஒட்ட வேண்டும்.

இப்போது கறுப்போடு கொஞ்சம் பழுப்பு சேர்த்து வாட்டர் கலரைத் தண்ணியாகக் கரைத்து, அகலத் தூரிகையால் புள்ளிகளின் மேலேயே ஒரே இழுப்பாகப் பூசச் சொல்லுங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி சாயம் மெழுகின் மேல் நிற்காமல் விலகி ஓடும். இருட்டுக்குள்ளிருந்து மஞ்சள் புள்ளிகள் ஒவ்வொன்றாக எட்டிப்பார்க்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்! மெழுகும் தண்ணீரும் ஏன் சேராது என்று அவர்களே கேட்பார்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் இது சீக்கிரம் காயாது. நாலு மூலையிலும் எதையாவது வைத்து அழுத்தி, மின்விசிறிக்குக் கீழே விட்டுவிடுங்கள்.

அது காய்வதற்குள் குயில் வரையலாம். ஆண் குயில் கறுப்பு, கண் சிவப்பு. பெண் குயில் பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. இரண்டையும் ஒரே கிளையில் உட்கார வையுங்கள். ஆண் குயிலுக்கு நேரடியாகக் கறுப்பை அப்பக் கூடாது. முதலில் கருநீலம், அதன் மேல் ஊதா, கடைசியில் சிறகின் ஓரத்திலும் வயிற்றடியிலும் மட்டும் கறுப்பு. இறகில் மினுமினுப்பு தானாக வரும். மைனாவுக்கும் இதே முறை. அலகுக்கு மேல் நிற்கும் சின்னக் கொண்டையை மட்டும் மறக்காதீர்கள்.

வரையவே வராது என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்குக் கோலப் புள்ளி கைகொடுக்கும். ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்துக் கொடுங்கள். எந்தப் புள்ளியை எதோடு சேர்த்தால் மீன் வரும், எதைச் சேர்த்தால் ஆமை வரும் என்று அவர்களே தேடட்டும். நீங்கள் கோடு போட்டுக் காட்ட வேண்டாம், அழிப்பானையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கோடு பிசகினால் அந்த மீனுக்கு இன்னொரு செதில், அவ்வளவுதான்.