கல்லூரி நண்பர்கள், ஒரு பழைய ரகசியம்: முதல் மர்ம நாவல் எழுதும் முறை

முதன்முறையாக மர்ம நாவல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிணத்தைக் கிடத்திவிட்டு, அதன்பிறகே கொலைக்குக் காரணம் தேடுகிறார்கள். பல்கலைக்கழக நண்பர்களைப் பற்றிய கதையில் பழைய ரகசியமே முதலில் உருவாக வேண்டும். கொலை அதிலிருந்து பிறக்கட்டும்.

படி 1: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். உதாரணத்துக்குத் தில்லியை எடுத்துக்கொள்வோம். 1996-இல் தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்தில் ஐந்து தமிழ் மாணவர்கள் படிக்கிறார்கள். வினாத்தாள் திருட்டுக்காகத் தவறாகப் பழி சுமத்தப்பட்ட விடுதித் தோழன் ஒருவன் மொட்டைமாடியிலிருந்து விழுந்து இறக்கிறான். அவனைத் தள்ளியது யார் என்பதை நாவலாசிரியராகிய நீங்கள் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

படி 2: உண்மையைப் பங்கிடுங்கள். ஒருவன் வினாத்தாளை விற்றவன். ஒருத்தி விசாரணையில் பொய் சொன்னவள். இன்னொருவனிடம், இறந்தவன் கொடுத்துவைத்த உறை பிரிக்கப்படாமலே கிடக்கிறது. முழு உண்மையும் கொலையாளிக்கு மட்டுமே தெரியும்.

படி 3: காலத்தைச் சரிபாருங்கள். தில்லி மெட்ரோ 2002 டிசம்பரில்தான் ஓடத் தொடங்கியது என்பதால் உங்கள் மாணவர்கள் பேருந்தில்தான் போக வேண்டும். செல்பேசி 1995-இலேயே வந்துவிட்டாலும், வரும் அழைப்புக்கும் காசு பிடித்த அந்நாளில் அது மாணவர் கைக்கு எட்டாத பொருள். ஊருக்குப் பேச, காசு கொடுத்து வெளியூருக்கு அழைக்கும் தொலைபேசிக் கடையான எஸ்டிடி பூத் வாசலில், இரவுக் கட்டணம் குறையும்வரை காத்து நிற்பார்கள். பேசி முடித்ததும் இயந்திரம் அச்சிட்டுத் தரும் துண்டுச்சீட்டில் அழைத்த எண், நேரம், கட்டணம் எல்லாம் இருக்கும்; பழைய பாடநூலுக்குள் மங்கிய எழுத்தோடு அது அகப்பட்டால், 'அன்றிரவு நான் அறையில்தான் இருந்தேன்' என்ற பொய் அங்கேயே உடைந்துவிடும். இத்தகைய தடயம் காலத்திலிருந்தே முளைப்பதால், வலிந்து புகுத்தியதாகத் தோன்றாது.

படி 4: ரகசியத்தின் கனத்தை எடைபோடுங்கள். மூன்றாண்டு வரை மட்டுமே சிறைத்தண்டனை உள்ள குற்றத்துக்கு வழக்குத் தொடரக் காலவரம்பு உண்டு; சாதாரணத் திருட்டு அந்த வகைதான். கொலைக்கு அப்படி வரம்பு இல்லை. ஆகவே வினாத்தாளை விற்றவன் இன்று அஞ்சுவது மானத்துக்கு. தள்ளியவன் அஞ்சுவது சட்டத்துக்கு. 2025 ஜனவரியில் தில்லியின் கரோல்பாகில் நண்பர்கள் மீண்டும் கூடும்போது நிகழும் கொலை, முந்தைய ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவில் வரும். 1996 மரணத்துக்கோ பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302-தான்.

படி 5: கொலை இரவுக்கு மணிவாரியாக அட்டவணை போடுங்கள். குளிரில் உடல் விறைப்பது தாமதமாகும், வெப்பத்தில் விரைவுபடும். அறை ஹீட்டரை ஓடவிட்டுப் பின்னர் அணைத்த கொலையாளி இறந்த நேரம் பற்றிய மருத்துவரின் கணிப்பையே குழப்பிவிடலாம். பிணத்தைத் தொட்டவுடன் 'சரியாக 11.20' என்று நேரம் சொல்லும் அதிகாரியைத் தயவுசெய்து படைக்காதீர்கள்.

படி 6: முக்கியத் தடயத்தை முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், வேறொரு சச்சரவின் நடுவே வைத்துவிடுங்கள். வரைவு முடிந்ததும் நண்பர் ஒருவரிடம் கொடுத்து, எந்த அத்தியாயத்தில் யாரைச் சந்தேகித்தார் என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். கொலையாளியின் பெயர் ஓரிடத்திலும் வராவிட்டால், தடயங்கள் போதவில்லை என்று பொருள்.