சீசன் இல்லாத நேரம் கடலுக்குப் போற நம்ம மலையக ஆளுங்க செய்ற தவறுகள்

மொதல் தவறு, நம்ம ஊரு வானத்தப் பாத்து கடல முடிவு பண்றது. மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் ஹட்டன்ல மழை கொட்டுறப்ப தெற்குல மிரிஸ்ஸ, உனவட்டுன பக்கம் கடல் கொந்தளிப்பா இருக்கும், அங்க அதுதான் ஆஃப் சீசன், ஆனா கிழக்குல அறுகம்பேக்கு அப்பதான் சீசனே, ரூம் விலையும் ஏறி நிக்கும். ஆரவாரம் இல்லாம ரெண்டு நாள் கிடக்கணும்னா அறுகம்பேக்கு பெப்ரவரி கடைசி, மார்ச்தான் நல்லம்னு நான் சொல்வேன், வடகீழ் மழை ஓய்ஞ்சிருக்கும், சர்ஃபிங் கூட்டம் இன்னும் வந்திருக்காது. நவம்பர், டிசம்பர் வேணாம், அது அங்க அடைமழைக் காலம்.

அடுத்தது ராத்திரிப் பயணம். வேலை முடிஞ்சு ஒம்பது மணிக்கு வேன்ல ஏறி விடிய கடல்ல நிக்கணும்னு கெளம்புறாங்க. அப்புத்தளையில பனிமூட்டம், பெரகலையில இருந்து வெல்லவாய எறங்குற ரோட்டுல மண்சரிவு பயம், 2014 ஒக்டோபர்ல மீரியபெத்த தோட்டத்த மண் மூடினது அந்தப் பக்கம்தான், யாருக்கும் மறந்திருக்காது. அதையும் தாண்டிப் போனா அறுகம்பேக்குப் பக்கத்துல இருக்கிற பொத்துவிலுக்கு முன்னாடி லாகுகலையில யானை ரோட்டுக்கு வரும். விடியக்காலையில கெளம்பி பகல்லயே போய்ச் சேருங்க.

இப்ப கடல். இதத்தான் நான் ரொம்ப கவலையோட சொல்றேன். ஆத்துலயும் குளத்துலயும் நீந்திப் பழகின புள்ளைங்க கடலும் அப்படித்தான்னு எறங்கிடுது. அதுவும் ரெண்டு பக்கமும் அலை ஒடஞ்சு வெள்ளையா இருக்க, நடுவுல அலையே இல்லாம கொஞ்சம் கலங்கலா ஒரு எடம் தெரியும் பாருங்க, அமைதியா இருக்குன்னு அங்கதான் சின்னதுகள விடுறாங்க, ஆனா கரைக்கு வந்த தண்ணி திரும்ப உள்ளுக்குப் போற வழியே அதுதான், ஆள அப்படியே இழுத்துட்டுப் போயிடும். மாட்டிக்கிட்டா கரையப் பாத்து எதிர்நீச்சல் போட்டு களைச்சுப் போகாம, கரைக்குச் சமாந்தரமா பக்கவாட்டுல நீந்தி அந்த இழுப்ப விட்டு வெளிய வாங்க, அப்புறம் கரைக்குத் திரும்புங்க. சீசன் இல்லாத நேரம் கூப்பிட்டா ஓடி வர கரையில ஆள் இருக்குமான்னே சொல்ல முடியாது. எறங்க முன்னாடி மீன்பிடிக்கிற அண்ணமார்கிட்ட கேளுங்க, அவங்க படகுகள கரையில ஏத்தி வச்சிருந்தா நீங்களும் கால நனைக்கிறதோட நிப்பாட்டுங்க.

சாப்பாட்டையும் யோசிக்காம போறாங்க. ஆஃப் சீசன்ல பாதிக் கடை பூட்டு, கெஸ்ட் ஹவுஸ்ல ஒரே ஒரு ஆள்தான் சமையலுக்கும் ரூமுக்கும், அதனால பகல் சோத்துக்கு காலையிலயே சொல்லி வைங்க, அன்னைக்கு வந்த மீன வாங்கி ஆக்கித் தருவாங்க. பொத்துவில்ல முஸ்லிம் மக்கள் அதிகம், நோன்பு மாசத்துல பகல்ல சாப்பாட்டுக் கடைங்க பெரும்பாலும் தொறக்காது, திகதி பாத்துட்டுப் போங்க. ஏற்கனவே கொறச்சுத் தந்த ரூம் விலைய இன்னும் பாதியாக்குன்னு நிக்காதீங்க, அந்த மாசத்துல அவங்களுக்கு வர்ற வருமானமே அவ்வளவுதான்.