டிபிஎஃப் உள்ள பிக்கப்: சாவியைத் திருப்புவதற்கு முன்

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் பிக்கப் வாங்கியவர்களில் பலர், பழைய வண்டியை ஓட்டிய அதே கையோடு இதையும் ஓட்டுகிறார்கள். சேலம் லீ பஜாரில் மூட்டை ஏற்றுவது, இரண்டு கிலோமீட்டர் போய் இறக்குவது, இன்ஜினை அணைப்பது, அடுத்த கடைக்கு மறுபடி ஸ்டார்ட் செய்வது. பழைய வண்டி கரும்புகையைக் கக்கிவிட்டுப் போய்விடும். இது கக்காமல், டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) என்ற வயிற்றிலேயே கரியை வைத்துக்கொள்ளும். டேங்கில் பெட்ரோலை ஊற்றுவது மாதிரியான தவறுகளை விட்டுவிடுவோம். காசைக் கரைப்பவை வேறு.

ரீஜென் நடுவே இன்ஜினை அணைப்பது

டிபிஎஃப் என்பது தேன்கூடு மாதிரி நுண்குழாய்கள் அடுக்கிய பீங்கான். குழாய்களில் ஒன்றுக்கு முன்வாய் அடைப்பு, அடுத்ததற்குப் பின்வாய் அடைப்பு. புகை சுவர் வழியாகக் கசிந்துதான் வெளியேற வேண்டும். கரி சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். லோடோடு நெடுஞ்சாலையில் ஓடினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எரியும். ஊருக்குள்ளேயே சுற்றினால் அந்தச் சூடு கிடைக்காது. கரி ஓர் அளவைத் தாண்டியதும் இசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) வழக்கத்தைவிடத் தாமதமாகக் கூடுதல் டீசலைத் தெளிக்கும். அது சைலன்சர் பாதையில் எரிந்து ஃபில்டரை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றும். கரி எரிந்து போகும். இதுதான் ரீஜென். முடிய 15 முதல் 25 நிமிடம் ஆகும்.

சிக்கல் அந்தக் கூடுதல் டீசலில்தான். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் பட்டு, ரிங் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. ரீஜென் ஒரே மூச்சில் முடிந்தால் பாதிப்பு சொற்பம். பாதியில் அணைத்தால் கரி மிச்சம், டீசல் ஆயிலில். அடுத்த ஓட்டத்தில் மறுபடி முதலிலிருந்து. ஒரு தடவை தப்பினால் ஒன்றுமில்லை; வாரம் நாலு தடவை நடந்தால் ஆயில் தண்ணியாகி, டர்போ பேரிங்கும் கிராங்க் பேரிங்கும் தேயும்.

செவ்வாய்ப்பேட்டையில் மளிகை இறக்கும் வண்டி ஒன்றின் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை நிற்கிறது. டிரைவருக்குப் பெருமை: "ஆயிலே குடிக்காத வண்டிங்கண்ணா." குடிக்காத வண்டியில் ஆயில் குறையாமல் இருக்கலாம், ஏறக் கூடாது. குச்சியை முகர்ந்தால் டீசல் நெடி. அந்த ஆயிலை அன்றே மாற்ற வேண்டும். அளவு இன்னும் ஏறினால் ஆயில் ஆவிக்குழாய் வழியாக உறிஞ்சப்பட்டு, சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் தாறுமாறாக ஓடும் ஆபத்து உண்டு.

ரீஜென் நடக்கிறது என்று பல வண்டிகளில் விளக்கு சொல்லாது. தோற்ற பிறகுதான் எரியும். ஆகவே காதையும் மூக்கையும் நம்புங்கள். ஐடிலிங் வழக்கத்தைவிட ஏறியிருக்கும், ரேடியேட்டர் ஃபேன் உரக்க ஓடும், சூட்டு வாடை வரும். அப்போது வீட்டு வாசலாகவே இருந்தாலும் அணைக்காமல் ஒரு சுற்று போய்வாருங்கள். விளக்கு எரிந்துவிட்டால் ஐந்து ரோட்டைத் தாண்டி ஓமலூர் நெடுஞ்சாலையைப் பிடித்து, நாலாவது கியரில் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் விடாமல் ஓட்டினால் பெரும்பாலும் அணையும். டேங்கில் கால்வாசிக்குமேல் டீசல் இருக்கட்டும். குறைந்தால் பல வண்டிகள் ரீஜெனைத் தொடங்கவே தொடங்காது. செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்து வந்து, வண்டி இழுக்க மறுத்தால் இந்த வைத்தியம் வேண்டாம். கரி அளவுக்கு மீறிச் சேர்ந்த ஃபில்டர் கட்டுப்பாடில்லாமல் எரிந்தால் பீங்கான் விரிசல் விடும். ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஏற்காடு லோடு அடிப்பவர்களுக்கு: 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது ஃபில்டர் நன்றாகச் சூடாகும். மேலே போய் அணைத்துவிட்டு, மிச்சம் இறக்கத்தில் எரியும் என்று நினைக்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்து கியரில் இறங்கும்போது இன்ஜினுக்கு டீசல் போவதில்லை. வெறும் காற்று போய் ஃபில்டரை ஆற்றிவிடும். அடிவாரம் வந்து சமதளத்தில்தான் முடிக்க முடியும். எஸ்டேட்டில் காய்ந்த சில்வர் ஓக் சருகு குவிந்த இடத்தில் சூடான வண்டியை நிறுத்துவதும் வேண்டாம்.

டிரம்மில் இருந்து ஆயில் ஊற்றுவது

கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் ஆயிலில் உள்ள சேர்க்கைப் பொருள்களிலிருந்து வருகிறது. பழைய சிஐ-4 தர ஆயிலில் அது அதிகம். கையேட்டில் ஆயில் தரம் சி3 என்றோ சிகே-4 என்றோ போட்டிருந்தால் அதுவே கேனிலும் இருக்க வேண்டும். லிட்டருக்கு நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, ஃபில்டரைச் சாம்பலால் நிரப்புகிறவர்களுக்கு எந்த ரீஜெனும் உதவாது.

யூரியாவை டிபிஎஃப் மருந்து என்று நினைப்பது

தனி டேங்கில் ஊற்றும் அந்த யூரியா திரவம், புகையின் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் வேறு பாகத்துக்கு.

வாட்டர் சர்வீஸ் பைப்பை ஃபில்டருக்குள் விடுவது

கூடாது.

காரணத்தை விட்டு ஃபில்டரை மட்டும் சுத்தம் செய்வது

சுத்தம் செய்த மறுமாதமே விளக்கு வந்தால் குற்றவாளி வேறு. முதலில் பிரஷர் சென்சாருக்குப் போகும் இரண்டு மெல்லிய ரப்பர் ஹோஸைப் பாருங்கள். வெடித்திருந்தாலும் அடைத்திருந்தாலும் இசியூவுக்குப் பொய்க்கணக்குதான் போகும். அடுத்து ஒழுகும் இன்ஜெக்டர், சிக்கிய ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கு அனுப்புவது), ஆயில் விடும் டர்போ. இவற்றை விட்டுவிட்டு நேரே புது ஃபில்டர் எழுதிக்கொடுக்கும் மெக்கானிக்கிடம், ஸ்கேனரில் பிரஷர் எவ்வளவு காட்டியது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஃபில்டரைக் கழற்றிவிட்டு வெறும் பைப் வைப்பது

மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம்.