மசில் பிரேக்கைத் திருகுவதற்கு முன்னால்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

வேட்டை ரைஃபிளின் குழல்வாயில் மாட்டும் மசில் பிரேக்கைப் பற்றி கோவை, ஈரோடு பக்கம் விசாரிப்பவர்கள் இரண்டு வகை. டெக்சாஸிலோ நியூசிலாந்திலோ குடியேறி, அங்கே சட்டப்படி பன்றியும் மானும் வேட்டையாடும் நம் சொந்தபந்தங்கள் ஒரு வகை. இங்கேயே ரைஃபிள் கிளப்பில் சுடுபவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பும் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்ணா, திருகிச் செட் பண்ற மாதிரி வருதாமே, அதை மாட்டிட்டா குறி தப்பாதுங்களா?"

தப்பும். அந்தக் கருவி எதற்கு என்று தெரியாமல் திருகினால் முன்னைவிட அதிகமாகவே தப்பும்.

சாதாரண பிரேக், தோட்டாவுக்குப் பின்னால் பீறிட்டு வரும் வெடிவாயுவைப் பக்கத் துளைகள் வழியே திருப்பிவிட்டு, தோளில் விழும் உதையைக் குறைக்கிறது. நல்ல பிரேக் என்றால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும். திருகும் வகையில் (இதை ட்யூனர் என்பார்கள்) கூடுதலாக, குழல் நுனியில் இருக்கும் எடையை, அதில் பொறித்த எண்ணைப் பார்த்துத் திருகி, முன்னும் பின்னும் நகர்த்தலாம். பிரௌனிங் நிறுவனம் 1994-ல் கொண்டுவந்த 'பாஸ்' இந்த வகையில் பேர் பெற்றது. தோட்டா குழலுக்குள் இருப்பது ஆயிரத்தில் ஒரு நொடி, அல்லது அதற்குக் கொஞ்சம் கூட. அந்த நேரத்துக்குள் குழல் நுனி அதிர்ந்து ஆடுகிறது. ஊஞ்சல் திரும்பும் இடத்தில் ஒரு கணம் தயங்குமே, அப்படி நுனி தயங்கும் கணத்தில் தோட்டா வெளியேறினால் சிதறல் குறையும் என்பதுதான் இதன் அடிப்படை.

இதில் நடக்கும் முதல் தவறு, அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்குவது. "என் மச்சான் ஏழுல வெச்சிருக்கான், நானும் ஏழுல வெச்சுக்கறேன்" என்பது செல்லாது. அந்த எண் ஒரு குழலுக்கும் ஒரு வகைத் தோட்டாவுக்கும் மட்டுமே சொந்தம். தோட்டாவின் எடையோ வெடிமருந்தோ மாறினால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். கடையில் கிடைத்த தோட்டாவை வாங்கிப் போட்டுக்கொள்பவருக்கு இந்தத் திருகு எந்த உதவியும் செய்யாது.

அதைவிடப் பெரிய தவறு மூன்று குண்டுச் சோதனை. ஒரு எண்ணில் மூன்று குண்டு, அடுத்த எண்ணில் மூன்று குண்டு என்று சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுந்ததோ அதுதான் சரியான இடம் என்று பூட்டிவிடுகிறார்கள். எதையுமே தொடாமல், அதே ரைஃபிளில் அதே தோட்டாவை மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். ஒரு குரூப் (மூன்று குண்டும் விழுந்த இடங்களின் கூட்டம்) அரை இன்ச்சில் நிற்கும், அடுத்தது ஒரு இன்ச்சைத் தாண்டும். வெறும் தற்செயல். அந்தத் தற்செயலைத்தான் பலர் ட்யூனிங் என்று நம்பி மகிழ்கிறார்கள். ஒவ்வொரு எண்ணிலும் பத்துக் குண்டாவது சுட வேண்டும். வேறொரு நாள் அதே எண்ணில் மறுபடி பத்து. இரண்டு நாளும் ஒத்துப்போனால் மட்டும் நம்புங்கள். தோட்டாச் செலவு அதிகம்தான். அது கட்டுப்படியாகாது என்றால் ட்யூனர் வாங்கும் காசுக்கு நல்ல தோட்டாவே வாங்கிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது காது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 140 டெசிபெலைத் தாண்டும் வெடிச்சத்தம் ஒரே தடவையில்கூடக் காதைக் கெடுக்கலாம். பெரிய ரைஃபிள் சத்தம் 160-ஐ ஒட்டி இருக்கும். பிரேக் போட்டால் அந்தச் சத்தம் பக்கவாட்டிலும் பின்பக்கமும் திரும்பி, சுடுபவர் காதிலும் பக்கத்தில் நிற்பவர் காதிலும் அறைகிறது. உங்கள் தோளுக்கு வந்த சுகத்துக்குப் பக்கத்து லேன்காரர் விலை கொடுக்கிறார். பஞ்சு, இயர்பிளக் மட்டும் போதாது; பிளக்கும், அதற்கு மேலே காதை முழுசாக மூடும் மஃபும் சேர்த்துப் போட வேண்டும். படுத்துச் சுட்டால் புழுதி கிளம்பி ஸ்கோப்பையும் மறைக்கும். நியூசிலாந்தில் பலர் பிரேக்கை விட்டு சைலன்சருக்குப் போனதற்கு இந்தச் சத்தமும் ஒரு காரணம். அங்கே அது சட்டப்படி கிடைக்கிறது.

.300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய தோட்டாவின் முரட்டு உதைக்குப் பிரேக் நியாயம். .223 போன்ற சின்னத் தோட்டாவுக்கு எதற்கு? அதற்கு உதையே கொஞ்சம்தான்.

ரேஞ்சில் பிரேக்கோடு ஜீரோ பண்ணிவிட்டு (குண்டு விழும் இடத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டு), காட்டில் சத்தத்துக்குப் பயந்து கழற்றிவிடுபவர்களும் உண்டு. எடை போனால் அதிர்வு மாறும், குண்டு விழும் இடமும் மாறும். எப்படிச் சுடப் போகிறீர்களோ அப்படியே ஜீரோ பண்ணுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. கணபதியிலும் பீளமேட்டிலும் லேத்துப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. 5/8 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டித் தரும் கைகள் அவை. ஆனால் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதோ மாற்றுவதோ குற்றம். மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமல்ல, பட்டறைக்காரரும்தான். சத்தத்தையோ தீப்பிழம்பையோ குறைக்கும் உபகரணத்தை அந்தச் சட்டம் துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. தொழில்முறையாகவும் சிக்கல் உண்டு. குழலின் வெளிப்பக்கத்தில் டயல் வைத்து மையம் பிடித்தால் உள்துளையின் மையம் கிடைக்காது; இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. மரை ஒரு மயிரிழை சாய்ந்தாலும் தோட்டா பிரேக்கின் உள்சுவரை உரசும். வெளிநாட்டில் இருப்பவர்களும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் உள்துளையை வைத்து மையம் பிடிக்கச் சொல்லி, குழலுக்குள் அளவுக் கம்பி விட்டு, பிரேக்கில் உரசவில்லை என்று பார்த்துவிட்டே முதல் குண்டு சுட வேண்டும்.

வேட்டை என்ற பேச்சே இங்கே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1972 வனவுயிர்ச் சட்டம் அதைத் தடுக்கிறது. தொண்டாமுத்தூரிலோ தாளவாடியிலோ காட்டுப்பன்றி வந்து வெள்ளாமையை அழித்தாலும், தோட்டக்காரர் தானாகத் துப்பாக்கி எடுக்க முடியாது. வனத்துறைக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும். கிளப்பில் போட்டிக்குத் தயாராகும் தம்பி, தங்கைகளுக்கும் ஒன்று: சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் சம்மேளன விதிப்படி ரைஃபிள் போட்டிகளில் மசில் பிரேக்குக்கு அனுமதி இல்லை. வாங்கிய பிறகு உபகரணச் சோதனையில் தெரிந்துகொள்ள வேண்டாம்.

பிரேக் மாட்டியவர்கள் ஒவ்வொரு தடவை சுட்டு முடித்துத் திரும்பிய பிறகும் அதைக் கழற்றி, மரையில் படிந்த கரியைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி முடுக்குங்கள். பல மாதம் அப்படியே விட்டால் கரி இறுகி, ஸ்பேனர் போட்டாலும் அசையாது. பூட்டு வளையத்தை முடுக்கியதும் எண் நகர்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.