உளவுத்துறை நாடாளுமன்றத்திடம் செய்யக்கூடாத தவறுகள்

1984 ஏப்ரலில், உளவுத்துறையைக் கண்காணிக்கும் அமெரிக்க செனட் குழுவின் தலைவர் பேரி கோல்ட்வாட்டர், சிஐஏ இயக்குநர் வில்லியம் கேசிக்குக் கொதித்துப்போய் ஒரு கடிதம் எழுதினார். மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் துறைமுகங்களில் சிஐஏ கடற்கண்ணிவெடி வைத்ததைத் தன்னிடம் சொல்லவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. 'மார்ச் மாதமே குழுவிடம் சொன்னோமே' என்றது சிஐஏ. சொன்னது உண்மைதான். ஆனால் நீண்ட கூட்டம் ஒன்றின் நடுவே, ஒரே ஒரு வாக்கியத்தில். கோல்ட்வாட்டர் அதிபர் ரீகனின் சொந்தக் கட்சிக்காரர், சிஐஏவுக்காகப் பலமுறை வாதாடியவர். அவரையே பகைத்துக்கொண்டார்கள். குழுவின் துணைத் தலைவர் மொய்னிஹன் பதவி விலகுவதாக அறிவித்துவிட்டார். கேசி மன்னிப்புக் கேட்ட பிறகுதான் முடிவை மாற்றிக்கொண்டார்.

முதல் தவறு இதுதான். மற்ற பல தவறுகளுக்கும் இதுவே வேர். காதில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பது. உளவுத்துறையைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழுக்களுக்கு எல்லாவற்றையும் முழுமையாகவும் உடனுக்குடனும் தெரிவிக்க வேண்டும் என்று 1980-லேயே சட்டம் வந்துவிட்டது. கேட்பவருக்குப் புரிந்ததா என்பதையும் சேர்த்துத்தான் 'தெரிவித்தல்' என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிஐஏவில் நாடாளுமன்றத் தொடர்புக்கென்றே தனி அலுவலகம் இருக்கிறது. எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புவது, ஒட்டுக்கேட்க முடியாத அறைக்கு ஆய்வாளர்களை அழைத்துப்போவது, கூட்டத்தில் மிச்சமான கேள்விகளுக்குப் பதில் தயாரிப்பது எல்லாம் அதன் அன்றாட வேலை. எதிர்முனையில் பெரும்பாலும் இருப்பவர்கள் செனட்டர்கள் அல்ல, குழுவின் ஊழியர்கள். காகிதங்களை வரி விடாமல் படிப்பவர்கள் அவர்கள்தான். அவர்களை ஒதுக்கிவிட்டு, கட்சித் தலைவர்களும் குழுத் தலைவர்களுமாக எட்டுப் பேரிடம் மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது அடுத்த தவறு. சட்டம் அதை அசாதாரணச் சூழலுக்குத்தான் அனுமதிக்கிறது. 2003 ஜூலையில், ஒட்டுக்கேட்புத் திட்டம் ஒன்றைப் பற்றி விளக்கம் கேட்டுவிட்டு வந்த செனட் குழுவின் துணைத் தலைவர் ராக்ஃபெல்லர், துணை அதிபர் செய்னிக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதினார். ஊழியரிடமோ வழக்கறிஞரிடமோ கலந்து பேச வழியில்லாத நிலையில் இதை எப்படி மதிப்பிடுவேன் என்று கேட்ட அவர், கடிதத்தின் நகலை முத்திரையிட்டுப் பாதுகாப்பில் வைத்தார். தகவல் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

பகிரங்க விசாரணையில் தவறான பதில் வந்துவிட்டால் அதை அப்படியே விடக்கூடாது. 2013 மார்ச்சில் தேசிய உளவு இயக்குநர் கிளாப்பரிடம், கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தகவல்களைச் சேகரிக்கிறீர்களா என்று செனட்டர் வைடன் கேட்டார். கேள்வி முந்தைய நாளே அனுப்பப்பட்டிருந்தது. 'இல்லை' என்றார் கிளாப்பர். திருத்த வாய்ப்புக் கொடுத்தும் திருத்தவில்லை. அரசின் ரகசிய வேவுத் திட்டங்களை அம்பலப்படுத்திய ஸ்னோடன் ஆவணங்கள் வெளியான பிறகு, ஜூனில்தான் தவறு என்று ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். பகிரங்கமாகச் சொல்ல முடியாத விஷயம் என்றால், 'மூடிய அறையில் சொல்கிறேன்' என்று சொல்ல யாரும் தடைபோடவில்லை.

தம்மை விசாரிப்பவர்களையே வேவு பார்ப்பது பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 2014-ல் செனட் ஊழியர்களின் கணினிக் கோப்புகளுக்குள் சிஐஏ நுழைந்ததாகக் குழுவின் அப்போதைய தலைவர் டயான் ஃபைன்ஸ்டைன் அவையில் சொன்னபோது இயக்குநர் பிரென்னன் மறுத்தார். சில மாதங்களில் சிஐஏவுக்குள்ளேயே முறைகேடுகளை விசாரிக்கும் தலைமை ஆய்வாளரே அதை உறுதிசெய்ய, பிரென்னன் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

சின்னதாகத் தெரிந்தாலும் ஆபத்தான தவறு, குறிப்பு வைக்காதது. கைதிகளைக் கடுமையாக விசாரித்தது பற்றி யாருக்கு எப்போது சொன்னோம் என்று 2009-ல் சிஐஏ ஒரு பட்டியல் கொடுத்தது. முன்னாள் செனட்டர் பாப் கிரகாமுக்கு 4 தேதிகளில் சொன்னதாகத் தெரிவித்தது. கிரகாம் அன்றாடம் குட்டிக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கமுள்ளவர். அதைப் புரட்டிப் பார்த்தார். 3 தேதிகளில் அவருக்கு அப்படி ஒரு கூட்டமே இல்லை. சிஐஏ அதை ஒப்புக்கொண்டது. யார் வந்தார்கள், என்ன சொன்னோம், என்ன கேட்டார்கள் என்பதை அன்று மாலையே எழுதி வைத்திருந்தால், ஒருவருடைய சட்டைப்பைக் குறிப்பேட்டிடம் ஒரு நாட்டின் உளவுத்துறை தோற்றிருக்காது.