‘போனி வருகிறான்’ பாட்டுகளை வாசிக்கும்போது சறுக்கும் இடங்கள்

1803-ல் நெப்போலியன் போனபார்ட் இங்கிலாந்தின்மேல் படையெடுக்க பிரான்சின் பூலோன் கடற்கரையில் படையைக் குவித்தபோது, அக்கரையில் இங்கிலாந்துத் தெருக்களில் ‘போனி’ (அவனுக்கு ஆங்கிலேயர் வைத்த கேலிப்பெயர்) வருகிறான் என்று ஒற்றைத்தாள் பாட்டுகள் குவிந்தன. நம் குஜிலிப் பாட்டு மாதிரி மலிவு அச்சுதான். அவற்றைப் படித்துவிட்டு “ஜனங்கள் இப்படி நடுங்கினார்கள்” என்று எழுதிவிடுவதுதான் பெரிய தவறு.

காசு யார் கொடுத்தது என்று முதலில் பாருங்கள். லண்டன் கார்ன்ஹில்லில் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ஆஸ்பெர்ன் வெளியிட்ட தேசபக்தித் தாள்களில், கனவான்களும் மாஜிஸ்திரேட்டுகளும் டஜன் கணக்கில் வாங்கித் தங்கள் வட்டாரத்தில் விநியோகிக்கலாம் என்று ஒரு வேண்டுகோள் இருக்கும். வாங்கியவர் ஒருவர், கையில் திணிக்கப்பட்டவர் வேறொருவர். அந்தத் தாள் சொல்வது பயந்தவனின் மனதையா, அவன் பயப்பட வேண்டும் என்று நினைத்தவரின் மனதையா?

தேதியையும் விடாதீர்கள். 1588-ல் ஆர்மடா என்ற ஸ்பானியப் போர்க்கப்பல் படை இங்கிலாந்தைத் தாக்க வந்தது. ஆங்கிலேயரை அடிக்க ஸ்பானியர் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லப்பட்ட சவுக்குகளைப் பற்றியே அந்த ஆண்டு ஒரு பாட்டு வந்தது. எழுதியவர் தாமஸ் டெலோனி, பட்டு நெசவாளி. அது வந்தது ஆகஸ்ட் கடைசியில். அதற்குள் ஸ்பானியக் கப்பல்கள் வடக்கே ஓடியாயிற்று. தப்பித்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து சிலிர்த்துக்கொள்கிற சுகம் அது. அதைப் போய் போர்முனைக் கிலி என்று வாசிக்கிறோம்.

தேதியே அச்சிடாத தாள்கள்தான் அதிகம். அப்போது அச்சுக்காரரின் முகவரி கைகொடுக்கும். லண்டனின் செவன் டயல்ஸ் பகுதியில் ஜான் பிட்ஸ் என்ற அச்சுக்காரரின் கடை 14-ம் எண்ணில் என்றால் 1819-க்கு முந்தியது; 6-ம் எண் என்றால் பிந்தியது. படத்தை நம்பாதீர்கள். பழைய மரக்கட்டை அச்சையே எந்தப் பாட்டுக்கும் போட்டுவிடுவார்கள்.

அப்புறம் மெட்டு. எந்த மெட்டில் பாட வேண்டும் என்று பல தாள்களில் தலைப்புக்குக் கீழே ஒரு வரி இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். வரியில் மிரட்டல், மெட்டில் குடிக்கூடக் கும்மாளம் என்றால், பாட்டு கேலிதான்.

கடைசியாக, எல்லாருக்கும் அது பயம் என்று எண்ணுவது. 1796 டிசம்பரில் பிரெஞ்சுக் கப்பல்கள் அயர்லாந்தின் பான்ட்ரி விரிகுடா வரை வந்து, புயலால் கரையிறங்க முடியாமல் திரும்பின. பிரெஞ்சுக்காரர் கடலில் வருகிறார்கள் என்ற அதே சேதியை, ஆங்கிலேய ஆட்சியிலிருந்து விடுபட விரும்பியவர்கள் அங்கே நல்ல சேதியாகப் பாடினார்கள்.