எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு: ஸ்டட் முறியாமல் நட்டைக் கழற்ற

மேனிஃபோல்டை (எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுதி) கழற்றுவதற்கு முந்தின இரவே, ஆறிய எஞ்சினில் ஒவ்வொரு நட்டின் அடியிலும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். காலையில் நட்டை முதலில் இறுக்கும் பக்கம் துளி அசைத்து, அப்புறம் தளர்த்துங்கள். கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே என்று மாற்றி மாற்றி.

ஒரே பக்கமாக இழுத்தால் உதிர்ந்த துரு மரைக்குள் சிக்கி, நட்டு மாட்டியிருக்கும் மரைக் கம்பியான ஸ்டட்டே முறிந்துவிடும். முன்னும் பின்னும் திருப்பும்போது அந்தத் தூள் நகர்ந்து, ஸ்பிரே ஆயில் உள்ளே இறங்க இடம் கிடைக்கிறது. முறிந்த ஸ்டட்டை சிலிண்டர் ஹெட்டிலிருந்து (எஞ்சினின் மேல்பாகம்) துளைத்து எடுப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய தலைவலி, அதனால் அவசரமே வேண்டாம்.

நட்டின் முனைகள் ஏற்கெனவே மழுங்கியிருந்தால் இது உதவாது; நட்டைப் பிளந்து எடுப்பதே நல்லது. சூடான எஞ்சினில் ஸ்பிரே அடிக்கவே கூடாது, தீப்பற்றலாம்.